எப்சிலான் எனும் ஒட்டுப்போடும் பழக்கம்

வடிவியல் கணக்குப் போடும் எந்த நிரலைத் திறந்தாலும், ஏதாவது ஒரு மூலையில் 0.000000001 உட்கார்ந்திருக்கும். இரண்டு எண்களின் வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால் இரண்டும் சமம். அதற்கு எப்சிலான் என்று பெயர். ஏன் இந்த எண் என்று எழுதியவரைக் கேட்டால், "அதை வைத்தேன், பிழை போய்விட்டது" என்பார். நானும் பல வருஷம் அப்படிச் சொன்னவன்தான்.

பிழை ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். டபுள் எண்ணுக்கு (நிரல்கள் தசம எண்களை வைக்கும் வழக்கமான வகை) 53 பிட் துல்லியம்தான்; அதில் அடங்காதது பக்கத்து எண்ணுக்குத் தோராயமாகிவிடும். 1-க்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி சுமார் 0.0000000000000002. அங்கே நம் எப்சிலான் தாராளம். அதே வடிவத்தை நகர்த்தி, ஆயத்தொலைவு ஒரு கோடி மீட்டரைத் தொட்டால் (நிலவரைபட வேலையில் இதெல்லாம் சகஜம்) இடைவெளியே சுமார் 0.0000000019. எப்சிலானைவிடப் பெரிது! அப்புறம் அந்த ஒப்பீடு, அச்சு அசலாகச் சமமா என்று மட்டும் பார்க்கும் வெறும் '==' தான். அதே வடிவம், நகர்த்தியது மட்டும்தான், விடை வேறு.

போதாததற்கு, அ-வும் ஆ-வும் சமம், ஆ-வும் இ-யும் சமம், ஆனால் அ-வும் இ-யும் சமமில்லை என்ற விசித்திரமும் வரும். இதை நம்பிப் புள்ளிகளை வரிசைப்படுத்தினால் என்றைக்குக் கவிழும் என்று சொல்லவே முடியாது.

என் கட்சி இது: அளக்கும் கணக்கையும் முடிவெடுக்கும் கணக்கையும் பிரித்துவிடுங்கள். பரப்பளவு கடைசி இலக்கத்தில் பிசகினால் குடி முழுகிவிடாது. 'இந்தப் புள்ளி கோட்டுக்கு இடமா, வலமா, மேலேயேவா' என்ற கேள்விக்குத்தான் தப்பான குறி (கூட்டல் என்றால் ஒரு பக்கம், கழித்தல் என்றால் மறுபக்கம், பூஜ்யம் என்றால் கோட்டின்மேல்) வரக் கூடாது. (கோடு என்றால் இங்கே நிஜக் கோடு, நிரல் இல்லை.) ஓரிடத்தில் இடம், இன்னோரிடத்தில் வலம் என்று பதில் வந்தால் பலகோணம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) முடியவே முடியாது. கணினி அறிவியலாளர் ஜோனதன் ஷெவ்சுக் 1997-லேயே நல்ல வழி காட்டிவிட்டார். முதலில் சாதாரண டபுளில் போடு. விடை பிழை வரம்பைத் தாண்டியிருந்தால் குறியை நம்பு. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மட்டும் கூடுதல் துல்லியத்தில் மறுபடி போடு. பெரும்பாலான புள்ளிகள் முதல் படியிலேயே தீர்ந்துவிடும். "மெதுவாகிவிடுமே" என்பவர்களில் அளந்து பார்த்துச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

வாய்ப்பிருந்தால் முழு எண்ணுக்கே போய்விடலாம். ஆயத்தொலைவை மில்லிமீட்டரில் வைத்து, இருபுறமும் 1,073 கிலோமீட்டருக்குள் நிறுத்திக்கொண்டால் அந்த இட-வலக் கணக்கு 64 பிட்டுக்குள் பிசிறில்லாமல் அடங்கும்.

வெட்டுப்புள்ளி மட்டும் அதிலும் அடங்காது. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியைக் கண்டுபிடித்து, 'இது அந்தக் கோட்டின்மேல் இருக்கிறதா' என்று திரும்பக் கேட்டால், பல நேரம் இல்லை என்றுதான் வரும். சரி, கேட்காதீர்கள். எந்த இரண்டு கோடுகளிலிருந்து அது பிறந்தது என்று புள்ளியோடு சேர்த்தே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.