கூடை எங்கே என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில், என் ஓவியத்தை வைத்து நடந்த கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் மூன்று நாட்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் வரைந்த, என் பாட்டி அம்மாயியின் முகத்தைக் காட்டி, "நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க மகள், ஆனா கூடை எங்க? கூடை இல்லாம இவங்க மலையகப் பொம்பளைன்னு யாருக்குத் தெரியும்?" என்று அந்தப் பெரியவர் ஒலிவாங்கியில் கேட்டதும் மண்டபம் கைதட்டியதும் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் முதுகில் சுமக்கும் கூடையைத்தான் அவர் கேட்டார். தட்டியவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

முகம் போதும் ஐயா. கறுத்த முகத்தை வரைவதற்குக் கரியை அழுத்தித் தேய்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் அப்படியொரு முகத்தை உற்றுப் பார்த்ததே இல்லை. கறுத்த தோல் கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் வெளிச்சத்தைப் பளிச்சென்று திருப்பித் தரும். தாள் முழுவதும் கரி பூசி, அந்த வெளிச்சத்தை அழிப்பானால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கூடைக் கயிறு நாற்பது வருடம் அழுந்தியதால் முன்னந்தலையில் மயிர் மெலிந்து விழுந்த தடமும் படத்தில் இருக்கிறது. அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அந்தத் தடம் இல்லாவிட்டாலும் அது மலையகத்து முகம்தான்.

பொகவந்தலாவை தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன், இங்கிலாந்தில் விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டெனிசனையும் அவரவர் பெயரோடு, உள்ளம் முகத்தில் தெரியும்படி படம்பிடித்தவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறக்கும் வரை இங்கேயும் அருமையான முகங்களை எடுத்தார். ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பெயர் இல்லை. 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற வகையிலான தலைப்போடு சரி.

அம்மாயியிடம் இருந்த ஒரே புகைப்படம் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்தது. காது தெரிய வேண்டும், பல் தெரியக்கூடாது என்று படக்காரர் அதட்டினாராம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் ஆட்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோது, அம்மாயியின் தங்கை இந்தியக் கணக்கில் விழுந்தார். தலைமன்னார் ரயிலில் ஏறிப்போன அந்தத் தங்கையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அம்மாயியின் வாய் இடது ஓரத்தில் இறுகும். பதினொரு நாட்கள் உட்கார்ந்து நான் வரைந்தது அந்த இறுக்கத்தை. அதில் கூடையை எங்கே மாட்டுவது?

'உழைப்பின் அடையாளத்தைக் கண்டு வெட்கமா?' என்பீர்கள். என் அம்மா இன்றும் கொழுந்தெடுக்கப் போகிறார். அவர் சுமப்பது நைலோன் பை. பிரம்புக்கூடை சுற்றுலாப் பதாகைகளில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள். 'கலைக்குள் இனத்தை ஏன் இழுக்கிறாய்?' என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. கொழும்பு பஸ்ஸில் முகத்தைப் பார்த்ததுமே "இந்தியாவில எந்த ஊர்?" என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. 'வெளியாருக்கு எப்படிப் புரியும்?' என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதை இரண்டு இரவுகள் யோசித்தேன். டார்வினுக்குப் பக்கத்தில் ஓர் ஆமையை நிறுத்திவைத்தா கெமரன் படமெடுத்தார்?

நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைவிட்டுப் படித்து வெளியேறியவள், எனக்கு இதைப் பேசத் தகுதியில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வெளியேறினேன், உண்மைதான். அதே லயத்துக் காம்பராவில் பிறந்தவர் அதை எழுதியதுதான் வலிக்கிறது. நான் போனது அம்மாயி தன் தோட்டை அடகு வைத்த காசில் என்பது அவருக்கும் தெரியும்.

கூடையைச் சேர்த்துத் தந்தால் படத்தை வாங்கிக்கொள்வதாக நேற்று ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். படம் விற்பனைக்கில்லை. கூடை ஹட்டன் கடைத்தெருவிலேயே கிடைக்கும். வாங்கித் தனியாக மாட்டிக்கொள்ளுங்கள்.