முதியவர்களுக்கு மருந்து உடனே ஏறிவிடும் என்பது பாதி உண்மைதான்

"உடல் பலவீனமானவர்களுக்கு மயக்க மருந்து சீக்கிரம் ஏறிவிடும்" என்று மயக்க மருந்து பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 11 வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதனால் இதை அப்படியே விட மனமில்லை. ஊசியில் போடும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கை ரத்தக்குழாயிலிருந்து இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றிக்கொண்டு மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு 30, 40 விநாடி ஆகும். இதயம் ரத்தத்தை மெதுவாகத் தள்ளும் முதியவருக்கோ அந்தப் பயணமே நீளும், ஆனால் தேவைப்படும் மருந்து குறைவு. "இன்னும் கண் மூடவில்லையே" என்று அவசரப்பட்டு மேலும் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து வேலை செய்து ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். காத்திருப்பதுதான் அங்கே திறமை.

மாஸ்க்கில் கொடுக்கும் செவோஃப்ளுரேன் போன்ற வாயுவுக்குக் கணக்கு தலைகீழ். காய்ச்சலிலோ பயத்திலோ இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளும்போது, அந்த ரத்தம் நுரையீரலிலிருந்து வாயுவை அள்ளிக்கொண்டே போகும், அங்கே அதன் அழுத்தம் உயரத் தாமதமாகும், மயக்கமும் தாமதமாகும். சின்னக் குழந்தைகள் சட்டென்று தூங்கிவிடுவார்கள், எடைக்கு அவர்கள் இழுக்கும் மூச்சு அதிகம்.

அப்புறம் குடிப்பழக்கம். நாள்பட்டுக் குடிப்பவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம், இதை எழுதாமல் விட்டிருக்கக் கூடாது. டாக்டர் கேட்கும்போது வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.