உடனடி முன்னோர், ஒன்று ஐந்து டாலர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட்டிலிருந்து ஆஷ்வில் பக்கம் மலையேறிப் போயிருந்தோம். இலைகள் நிறம் மாறும் சமயம் என்பதால் ரோடு முழுக்கக் கார். வழியில் ஒரு சின்ன ஊரில் காபிக்கு நிறுத்தினோம். பக்கத்திலேயே ஒரு பழம்பொருள் கடை. கல்லாவுக்கு அருகில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய போட்டோக்கள். அதன்மேல் கையால் எழுதிய அட்டை: 'உடனடி முன்னோர், ஒன்று ஐந்து டாலர்'. இந்த ஊர்ப் பழம்பொருள் கடைகளில் இது அரதப்பழசான ஜோக். பேரன் பேத்திகள் வீட்டைக் காலி செய்யும்போது, யார் எவர் என்று சொல்ல ஆளில்லாத படங்கள் இப்படித்தான் டப்பாவுக்கு வந்து சேர்கின்றன.

சிரிப்பு வந்தது. கூடவே 1899இல் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பும் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் தகடு. டின்டைப் என்பார்கள். பேர்தான் டின், உண்மையில் கறுப்பு வார்னிஷ் பூசிய மெல்லிய இரும்பு. 1856இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முறை இது. கண்ணாடித் தகடு மாதிரி உடையாது, விலையும் மலிவு, எடுத்த சில நிமிடத்தில் கையில் கொடுத்துவிடலாம். ரசாயனத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன போட்டோக்காரர்களுக்கு இதுதான் பிழைப்பு.

என் கையிலிருந்த தகட்டில் கணவன் மனைவி மாதிரி இரண்டு பேர். அவர் உட்கார்ந்திருக்கிறார், அந்தம்மா அவர் தோளில் கை வைத்து நிற்கிறார். பின்னால் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். போர்வை முடியும் ஓரத்தில் மரக்கட்டைச் சுவரின் இடுக்கு தெரிகிறது. நாற்காலியின் கால் புல்லுக்குள் லேசாகப் புதைந்திருக்கிறது. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று நாற்காலியை முற்றத்துக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். அந்தம்மாவின் கன்னத்தில் மட்டும் யாரோ தூரிகையால் ரோஸ் தடவியிருக்கிறார்கள். அவருடைய பாவாடைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியின் பாதம் எட்டிப் பார்க்கிறது.

அந்தத் தாங்கியைக் காட்டி, 'செத்தவரை நிற்க வைத்து எடுத்த படம்' என்று வாட்ஸப்பில் ஒரு கதை ஓடுகிறது. சுத்தப் பொய். பல நொடி அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால், உயிரோடு இருப்பவரின் தலை ஆடாமல் பிடித்துக்கொள்ள வைத்தது அது. ஒரு பிணத்தின் கனத்தை அது தாங்காது. இறந்தவர்களைப் படம் எடுத்தது உண்மைதான். அவர்களைப் படுக்க வைத்து எடுத்தார்கள், அதில் நிறைய பேர் குழந்தைகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முகநூலில் '19ஆம் நூற்றாண்டு அப்பலாச்சியா' என்று தினமும் ஆல்பங்கள் வருகின்றன. (அமெரிக்காவின் கிழக்கே இருக்கும் இந்த மலைப் பகுதிக்குத்தான் அந்தப் பேர். உள்ளூர்க்காரர்கள் 'அப்பலாச்சா' என்பார்கள். 'அப்பலேஷியா' என்று சொன்னால் வெளியூர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.) ஓட்டைக் குடிசை, வெறுங்கால் குழந்தைகள், பல்லில்லாத கிழவர், ராட்டையோடு ஒரு பாட்டி. கீழே ஆயிரம் பேர் 'எவ்வளவு எளிமையான வாழ்க்கை' என்று உருகுவார்கள். எனக்கு ஒரே எரிச்சல். ஏனென்றால் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் 19ஆம் நூற்றாண்டே கிடையாது.

ஒரு படத்தை, '1880' என்று போட்டிருந்ததை, பெரிதாக்கிப் பார்த்தேன். குளிருக்கு அடக்கமாகச் சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு தாளில் கார் விளம்பரம்! இப்படி வலம்வருபவற்றில் பெரும்பகுதி 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அரசாங்கம் அனுப்பிய போட்டோக்காரர்கள் எடுத்தவை. பென் ஷான் 1935இல் மேற்கு வர்ஜீனியாச் சுரங்க ஊர்களுக்குப் போனார். அதற்கும் முன்னால், 1908இல், லூயிஸ் ஹைன் அதே மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்த சிறுவர்களை எடுத்தார். குழந்தைத் தொழிலை ஒழிக்க வேண்டும் என்று எடுத்த படங்கள் அவை. இன்றைக்கு அவற்றுக்குக் கீழே 'அந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு உழைப்பாளிகள்' என்று எழுதுகிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இன்னொரு வகை இருக்கிறது. டோரிஸ் உல்மன் என்ற பெரிய போட்டோகிராபர் நியூயார்க்கிலிருந்து 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் இந்த மலைகளுக்கு வந்தார். படங்கள் அற்புதமானவை, மறுக்கவில்லை. ஆனால் அவர் சிலரைப் பாட்டி காலத்துத் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தச் சொல்லி, ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தே எடுத்தார். அதாவது 1930இல், 1850 மாதிரி தெரியும்படி எடுத்த படம். அதை இன்றைக்கு ஒருவர் '1850' என்று போட்டால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இப்போது போதாக்குறைக்கு ஏஐ படங்கள் வேறு. பாட்டிக்கு ஆறு விரல், ராட்டையில் நூலே கிடையாது, ஆனாலும் பத்தாயிரம் லைக்.

நிஜமான 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் மக்கள் இருப்பதிலேயே நல்ல துணியில் இருக்கிறார்கள். கோட்டு, கழுத்துப்பட்டி, வாரிய தலை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையோ இரண்டு தடவையோ எடுக்கும் படம். காசு கொடுப்பதும் அவர்களே, எப்படி நிற்பது என்று முடிவு செய்வதும் அவர்களே. பிசுபிசுத்த கிழிசல் உடை எங்கிருந்து வரும்? அப்புறம் அந்தக் கண்கள். 'மலைக்காரர்களின் பேய்ப் பார்வை' என்று ஒரு தொடர் பதிவே பார்த்தேன். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளிதான் நன்றாகப் பிடிபடும், சிவப்பு பிடிபடாது. அதனால் வெளிர்நீலக் கண் வெள்ளையாக விழும், சிவந்த தோலும் முகத்துப் புள்ளிகளும் கருத்துப்போகும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, அந்த ரசாயனத்தில் இருந்த வெள்ளி உப்பின் குணம்.

இந்த மலைகளிலிருந்து வந்த படங்களிலேயே பிரபலமானது ஹாட்ஃபீல்டு குடும்பப் படம். 1897. நடுவில் தாடியோடு குடும்பத் தலைவர் டெவில் ஆன்ஸ் ஹாட்ஃபீல்டு, சுற்றிலும் துப்பாக்கி பிடித்த ஆண்கள், பெண்கள், குழந்தைகள். ஹாட்ஃபீல்டு, மக்காய் என்ற இரண்டு குடும்பங்களின் சண்டையைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் படத்தைத்தான் போடுவார்கள். டக் ஃபோர்க் ஆற்றுக்கு அந்தக் கரை கென்டக்கி, இந்தக் கரை மேற்கு வர்ஜீனியா. 1882 தேர்தல் நாளன்று தகராறு முற்றி எலிசன் ஹாட்ஃபீல்டு கொல்லப்பட, பதிலுக்கு ஹாட்ஃபீல்டுகள் மக்காய் சகோதரர்கள் மூவரையும் பிடித்துக் கட்டி வைத்துச் சுட்டார்கள். 1888 புத்தாண்டு அன்று மக்காய் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். 1890 பிப்ரவரியில் ஹாட்ஃபீல்டு பக்கத்து எலிசன் மவுன்ட்ஸ் என்ற இளைஞரைப் பைக்வில்லில் தூக்கிலிட்டதோடு கொலைகள் ஓய்ந்தன.

இப்போது தேதியைப் பாருங்கள். படம் எடுத்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து! சண்டை முடிந்து ஊரே வேறு ஊராகியிருந்தது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் 1892இலேயே அந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஓடத் தொடங்கியாகிவிட்டது, நிலக்கரிக் கம்பெனிகள் நிலத்தை வளைத்துக்கொண்டிருந்தன. டெவில் ஆன்ஸே மரம் வெட்டி விற்று, ஆள் வைத்துத் தொழில் நடத்தியவர். பத்திரிகைகள் தங்களை என்னவாக ஆக்கியிருந்தன என்று அந்தக் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும். கேமரா வந்ததும் துப்பாக்கியோடு உட்கார்ந்தார்கள். கல்யாண ஆல்பத்துக்கு நகை போட்டுக்கொள்கிற மாதிரிதான் எனக்கு அது தெரிகிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் அதைக் காட்டுமிராண்டித்தனத்துக்குச் சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்தத் தலைப்புக்கு வருகிறேன். கென்டக்கியில் மலையடிவாரத்தில் இருக்கும் பெரியா கல்லூரியின் தலைவர் வில்லியம் குடெல் ஃப்ராஸ்ட், 1899இல் அட்லான்டிக் மாத இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'தென் மலைகளில் வாழும் நம் சமகால முன்னோர்' என்று தலைப்பு. காலம் அங்கே நின்றுபோய்விட்டது, அவர்கள் நம் கொள்ளுத்தாத்தாக்கள் மாதிரி இன்னும் வாழ்கிறார்கள், படிக்க வைக்க உதவுங்கள் என்பது சாரம். வடக்கே நன்கொடை திரட்ட அருமையான வாசகம்! மனுஷர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு தலைப்பின் நிழலில்தான் பிறகு வந்த ராட்டைப் படங்கள் எல்லாம் எடுக்கப்பட்டன என்பது என் கட்சி.

கொடுமை என்னவென்றால், அவருடைய கல்லூரியின் அந்தக் காலத்து வகுப்புப் படங்களிலேயே கறுப்பு, வெள்ளை மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். 1866 முதல் இரு இனத்தவரும் ஒன்றாகப் படித்த இடம் அது. 1904இல் கென்டக்கி சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டு அதை நிறுத்தியது, 1908இல் உச்ச நீதிமன்றமும் ஆமாம் போட்டது. கறுப்பர் வரலாற்றை ஒரு துறையாகவே ஆக்கிய கார்ட்டர் வுட்சன் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1903இல் பெரியாவில் பட்டம் வாங்கினார். சட்டம் வருவதற்கு ஒரே ஒரு வருஷம் முன்னால். 'எளிமையான வெள்ளைக்கார மலைவாசி' ஆல்பத்தில் இந்த வகுப்புப் படம் வந்து நான் பார்த்ததே இல்லை.

1888இல் ஜேம்ஸ் மூனி என்ற மானிடவியலாளர் எடுத்த படங்களும் வருவதில்லை. 1838இல் இந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை ராணுவத்தை வைத்து மேற்கே விரட்டினார்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். விரட்டலுக்குத் தப்பி வட கரோலினா மலைகளிலேயே தங்கிய செரோக்கிகளிடம் ஐம்பது வருஷம் கழித்துப் போனவர் மூனி. அங்கே அயூனினி என்ற வைத்தியரை எடுத்த படம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்விம்மர் என்பார்கள். தலைப்பாகை கட்டிய, அமைதியான முகம். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. ஆனால் மருந்துக்கும் வேட்டைக்கும் காதலுக்குமான மந்திரங்களை எல்லாம் செரோக்கி எழுத்திலேயே சுமார் 240 பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். 'காலம் நின்றுபோன மலையில்' சொந்த எழுத்தில் நூலே வைத்திருந்த மனிதர்.

அப்புறம் ரயில் பாதை. நான் ஆஷ்வில்லுக்குப் போகிற வழியில் மலையைக் குடைந்து 1879இல் முடித்த ஸ்வன்னனோவா சுரங்கப் பாதை இருக்கிறது. தோண்டியவர்கள் மாநிலச் சிறைக் கைதிகள், அதிலும் பெரும்பாலோர் கறுப்பர்கள். இன்னும் மேற்கே கவீ என்ற சுரங்கப் பாதையிலும் கைதிகளுக்கு இதே வேலை. 1882 டிசம்பர் 30 அன்று டக்கசீஜி ஆற்றைப் படகில் கடந்தபோது படகு கவிழ்ந்து, காலில் விலங்கோடு 19 கைதிகள் மூழ்கிப் போனார்கள். பாதை தயாரானதும் அதே ரயிலில்தான் உல்லாசப் பயணிகளும் வந்தார்கள், அருவிப் படம் எடுக்கும் போட்டோக்காரர்களும் வந்தார்கள். அருவிகள் நிறையக் கிடைக்கின்றன. அந்த 19 பேரில் ஒருவர் முகத்தையும் நான் எங்கும் பார்த்ததில்லை.

அதனால் நண்பர்களே, பழைய படத்தைப் பகிராதீர்கள் என்று சொல்லவில்லை. எடுத்தது யார், எந்த வருஷம், காசு கொடுத்தது யார் என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் 1930களின் படங்கள் பெயரோடும் தேதியோடும் இலவசமாகவே கிடக்கின்றன. 'ஆல்பத்தை ரசிக்க விடமாட்டியா' என்று என் மனைவியே கேட்டுவிட்டாள், நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை.

அந்தத் தகட்டை வாங்கிவிட்டேன். ஐந்து டாலர், வரி தனி. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது: அந்தம்மாவின் மோதிரம் வலது கையில் இருக்கிறது. டின்டைப்பில் நெகட்டிவ் கிடையாது, கண்ணாடி பிம்பம் மாதிரி எல்லாம் இடம் வலம் மாறித்தான் விழும். பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை ரொம்ப காலம் இடக்கைக்காரன் என்று உலகம் நம்பியதே இதனால்தான். போனில் படமெடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மோதிரம் இடது கைக்கு வந்தது, அவர் கோட்டுப் பொத்தான் சரியான பக்கம் வந்தது. அந்தம்மாவின் தலை வகிடும் பக்கம் மாறியது. அன்றைக்கு முற்றத்தில் எதிரே நின்ற போட்டோக்காரர் அவர்களை இப்படித்தான் பார்த்திருப்பார்.