126-க்கு லோடு பண்ணிவிட்டு குரோனோவைத் திட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி மேட்சில் குரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் மெஷின்) என்ன நடந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்: புதிதாக வந்த ஒரு தம்பி தானே லோடு பண்ணி, அதாவது மருந்தும் குண்டும் அடைத்து, கொண்டுவந்த ரவுண்டு (தோட்டா) 125 வேண்டிய இடத்தில் 124.8 காட்டியது, ஸ்கோரே இல்லாமல் போனது. அந்தத் தம்பி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அன்று ராத்திரியிலிருந்து கமெண்ட்டில் நடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. "வெறும் பாயிண்ட் ரெண்டு. அதுக்குப் போய் ஒரு புதுப் பையனோட மேட்சையே காலி பண்ணிட்டாங்களே" என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். குரோனோவில் நின்றவருக்கு மனசாட்சி இல்லையாம்.

மனசாட்சியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். குண்டின் எடை கிரெயினில், வேகம் வினாடிக்கு அடியில். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர். யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கச் சங்கத்தின் ரூலில் மைனருக்கு, அதாவது பலம் குறைந்த ரவுண்டுக்கான ஸ்கோருக்கு, 125 வேண்டும். கேரி ஆப்டிக்ஸில் (குறி பார்க்க ஒளிப் புள்ளி, அதாவது டாட், காட்டும் சைட் வைத்த துப்பாக்கிக்கான பிரிவு) எவ்வளவு பலமான ரவுண்டு போட்டாலும் மைனர் ஸ்கோர்தான், அதனால் எல்லாருக்கும் 125-ஐ உரசிக்கொண்டு போகிற ஆசை. தம்பியின் டப்பாவில் 147 கிரெயின் என்று அச்சடித்திருந்தது. நல்ல வெயிலில் அவர் அளந்தபோது 860 அடி. பெருக்கினால் 126.4. போதும் என்று நினைத்துவிட்டார்.

மேட்சில் எட்டு ரவுண்டு எடுத்தார்கள். ஒன்றைப் புல்லரில் (தோட்டாவிலிருந்து குண்டைக் கழற்றும் சுத்தியல்) மாட்டி, மரக்கட்டையில் நாலு தட்டுத் தட்டி, குண்டைத் துடைத்துத் தராசில் வைத்தார்கள். 146.2. அந்த இடத்திலேயே 126.4 என்பது 125.7 ஆகிவிட்டது, இன்னும் ஒரு ரவுண்டு கூடச் சுடவில்லை. குளிர்ந்த காலையில் மூன்று ரவுண்டின் சராசரி 853 அடி. 124.7. ரூல்படி இன்னும் மூன்று சுட்டு, ஆறில் வேகமான மூன்றை எடுத்தார்கள். 854. அதாவது 124.8. மிச்சமிருந்த ஒன்றையும் சுட்டார், மாறவில்லை. 125-க்குக் கீழே போனால் தொடர்ந்து சுடலாம், ஸ்கோர் கிடையாது. இதில் குரோனோக்காரர் தன் இஷ்டத்துக்குச் செய்தது என்ன என்று ஒருத்தராவது சொல்லுங்கள்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: 130-க்கு லோடு பண்ணுங்கள். டப்பாவை நம்பாமல் பத்துக் குண்டை நீங்களே நிறுத்துப் பாருங்கள். 146.2 கிரெயின் குண்டு 130 தொட 890 அடி போதும். உங்கள் குரோனோவும் மேட்ச் குரோனோவும் ஒரே எண்ணைக் காட்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வெளிச்சத்தை வைத்து அளக்கும் மெஷின் மேகம் மூடினால் ஒரு மாதிரி காட்டும், ரேடார் வேறு மாதிரி காட்டும். ஒரே லோடு இரண்டு பேரலில் இருபது முப்பது அடி வித்தியாசம் காட்டும். கேஸுக்குள் (தோட்டாவின் கூடு) பவுடர் கொஞ்சமாக இருந்தால், அது பிரைமர் (அடியில் இருந்து பவுடரைப் பற்றவைப்பது) பக்கம் ஒதுங்கியிருக்கிறதா குண்டுப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்பதிலேயே வேகம் மாறும். துப்பாக்கியை மேலே தூக்கி இறக்கி ஐந்து ரவுண்டு, கீழே சாய்த்து எடுத்து ஐந்து ரவுண்டு சுட்டுப் பாருங்கள், நீங்களே பார்ப்பீர்கள். இத்தனையையும் தாங்கத்தான் 125-க்கு மேல் அந்த ஐந்து.

"பெரிய ஷூட்டர் எல்லாம் 126, 127-ல்தானே சுடறாங்க?" சிலர் சுடுகிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் ஒவ்வொரு லாட்டையும் நிறுத்துப் பார்ப்பவர்கள். மேட்சுக்கு முந்தின நாள் அந்த ஊரிலேயே அளப்பவர்கள். உதைப்புக் குறைந்த சாஃப்ட் லோடு பற்றிய அந்த வீடியோவில் வந்தவர் இதில் எதையாவது சொன்னாரா? "சாஃப்டா இருக்கும், டாட் அசையவே அசையாது" என்று மட்டும் சொன்னார். நீங்கள் அதை ஷேர் செய்தீர்கள். தம்பி அதை நம்பினார்.

"லோக்கல் மேட்ச்ல யார் குரோனோ வைக்கிறாங்க?" பெரும்பாலும் வைப்பதில்லைதான். அதற்காக?

"குரோனோ வாங்கக் காசு வேண்டாமா?" இது நியாயமான கேள்வி. புதிதாக வருபவர் துப்பாக்கி, ஹோல்ஸ்டர், பெல்ட், மேகஸின் என்று ஏற்கெனவே கை கடித்து நிற்கிறார். அதனால்தான் சொல்கிறேன், குரோனோ இல்லாதவர் முதலில் கடை ரவுண்டு வாங்கட்டும். 124 கிரெயினோ 115-ஓ, சாதாரண ஃபேக்டரி ரவுண்டு பெரும்பாலும் 125-ஐத் தாராளமாகத் தாண்டும். கூட இருப்பவரிடம் குரோனோ இருந்தால் பத்து ரவுண்டு சுட்டு உறுதிப்படுத்திக்கொள்ளட்டும்.

சரி, இந்த சாஃப்ட் லோடு மோகத்தால் என்ன கிடைக்கிறது? 125-க்கும் 130-க்கும் நடுவே உதைப்பில் நூற்றுக்கு நாலு பங்கு. இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். ஆறு டார்கெட், பன்னிரண்டு ரவுண்டு, 60 பாயிண்ட். ஆறு வினாடியில் எல்லாம் ஆல்ஃபா (டார்கெட்டின் நடுப் பகுதி, ஐந்து பாயிண்ட்) என்றால் ஹிட் ஃபேக்டர், அதாவது பாயிண்டை வினாடியால் வகுத்தது, 10. மைனரில் ஒரு சார்லி (நடுவுக்கு வெளியே) இரண்டு பாயிண்ட் தின்னும், அந்த ஸ்டேஜில் அது 0.2 வினாடி. ஒரு டெல்டா (ஓரம்) நாலு பாயிண்ட், 0.4 வினாடி. ஒரு மிஸ் என்றால் கிடைக்க வேண்டிய ஐந்தும் போய் அபராதம் பத்தும் சேர்ந்து பதினைந்து, ஒன்றரை வினாடி. ஹிட் ஃபேக்டர் 5 வரும் மெதுவான ஸ்டேஜில் அதே மிஸ் மூன்று வினாடி. எந்த சாஃப்ட் லோடு உங்களுக்கு மூன்று வினாடியைத் திருப்பித் தரும்?

தம்பியின் டார்கெட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டாவது குண்டு திரும்பத் திரும்ப இடது பக்கம் கீழே விழுந்தது. அவர் வலது கைக்காரர். டிரிக்கரை இழுக்கும்போது வலது கை முழுதும் சேர்ந்து இறுகுகிறது, இடது கை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடது உள்ளங்கை கிரிப்பில் காலியாக இருக்கும் இடத்தை முழுதாக அடைத்து, அந்தக் கைதான் பலமாகப் பிடிக்க வேண்டும். வலது கை, டிரிக்கர் விரல் தனியாக அசையும் அளவுக்குத் தளர்ந்திருக்க வேண்டும். கண் டாட்டில் நிற்காமல் டார்கெட்டில் ஒரு சின்னப் புள்ளியில் நிற்க வேண்டும். துப்பாக்கி காலி என்று இரண்டு தரம் பார்த்து, ரவுண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து தினமும் பத்து நிமிடம் டிரை ஃபயர் (ரவுண்டு இல்லாமல் டிரிக்கர் இழுக்கும் பயிற்சி) செய்தால் இது சரியாகும். யாராவது அவருக்கு இதைச் சொன்னீர்களா? பெரிய லிஸ்ட் மட்டும் கொடுத்தீர்கள். ஸ்பிரிங் மாற்று, 147 போடு, டங்ஸ்டன் ராடு வாங்கு.

அந்த லிஸ்ட்டைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். ஹாமர் ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் டிரிக்கர் பட்டு மாதிரி வரும், உண்மை. அதே துப்பாக்கியில் சி.சி.ஐ. மாதிரிக் கடினமான பிரைமர் போட்டால் லைட் ஸ்டிரைக் விழும், அதாவது அடி போதாமல் வெடிக்காது. ஃபெடரல் பிரைமர் மென்மை, அது வெடித்துவிடும். ஸ்பிரிங்கைச் சொன்னவர் பிரைமரைச் சொல்லவில்லை. சீஸெட் (CZ) துப்பாக்கியின் பேரலில் ரைஃப்லிங் (உள்ளே இருக்கும் சுழல் வரிகள்) சீக்கிரமே தொடங்குவதால், மூக்கு பருத்த 147 குண்டை மற்றவர்கள் வைக்கும் நீளத்தில் வைத்தால் போய் முட்டும், ஸ்லைடு முழுசாக மூடாது. பேரலைக் கழற்றி ரவுண்டை உள்ளே போடுங்கள். டக் என்று உட்கார வேண்டும், விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். முட்டினால் குண்டைக் கொஞ்சம் ஆழமாக இறக்கலாம், ஆனால் ஆழம் கூடினால் பிரஷர் கூடும், பழைய பவுடர் அளவை அப்படியே வைக்கக்கூடாது. இதைச் சொல்லாமல் "147 போடு தம்பி" என்று எழுதுவது உதவியா?

"நீங்க ரூல்ஸ் பேசிப் புது ஆளுங்களை விரட்டறீங்க" என்று எனக்கே எழுதியிருக்கிறார் ஒருவர். வலித்தது. 1976-ல் மிசூரியின் கொலம்பியாவில் ஜெஃப் கூப்பரும் மற்றவர்களும் கூடி இந்த விளையாட்டின் உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி.யைத் தொடங்கியதிலிருந்தே குறி, பலம், வேகம் மூன்றும் சேர்ந்ததுதான் இந்த விளையாட்டு. பலத்தை அளக்கும் ஒரே இடம் குரோனோ. அங்கே ஒருவருக்கு 124.8-ஐ விட்டுக்கொடுத்தால், 130-க்கு லோடு பண்ணிக்கொண்டு வந்து அதே ஸ்டேஜைச் சுட்ட மற்ற எல்லாருக்கும் என்ன பதில் சொல்வீர்கள்? அவர்களிலும் புது ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்காக யாரும் பதிவு போடவில்லை.

தம்பி, மிச்சமிருக்கிற ரவுண்டுகளை உடைக்காதீர்கள், பிராக்டிஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த லாட்டுக்கு முன்னால் பத்துக் குண்டை நிறுத்து எடையை எழுதி எனக்கு அனுப்புங்கள். குரோனோவோடு சனிக்கிழமை காலை ரேஞ்சில் இருப்பேன்.

மற்றவர்கள், குரோனோவில் நின்றவரைத் திட்டி எழுதிய கமெண்ட்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவர் விடிகாலையில் வந்து மேஜை போட்டு, சாயங்காலம் வரை எல்லாருடைய ரவுண்டையும் அளந்துவிட்டுப் போனவர்.