தாத்தாவின் இரத்தமும் பாட்டியின் காலும்

என் பாட்டிக்கு வலது காலில் யானைக்கால் நோய் இருந்தது. வீக்கம் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. ரப்பர் பால் மரம் வெட்டிவிட்டு வந்ததும் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து, விரலிடுக்குகளில் ஈரம் தங்காதபடி பழைய சேலைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். தாத்தாவின் கால்களோ கடைசிவரை மெலிந்தே இருந்தன. எழுபதுகளில் ஓரிரவு, பத்து மணிக்கு மேல், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக்குச் சுகாதாரப் பணியாளர்கள் டார்ச்லைட்டுடன் வந்து, எல்லாருடைய விரல் நுனியிலும் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்தார்கள். யானைக்கால் நோயைத் தருவது கொசு பரப்பும் ஒரு புழு. அதன் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வரும். தாத்தாவின் இரத்தத்தில் புழு இருந்தது. பாட்டியின் இரத்தத்தில் ஒன்றுமில்லை. தாத்தாவுக்குத் தோட்டத்து மருந்தகப் பணியாளரான டிரெசர் மாத்திரை கொடுத்தார். பாட்டிக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. யாரோ வைத்த செய்வினை என்றே அவர் சாகும்வரை நம்பினார்.

ஒரே வீடு, ஒரே சதுப்புநிலத்துக் கொசு. புழு இருந்தவருக்கு வீக்கமில்லை, வீங்கியவரிடம் புழுவில்லை. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த விந்தையன்று. 1927-இல் புரூக் விவரித்த, இன்று புரூஜியா மலாயி என்று அழைக்கப்படும் இந்தப் புழு, நிணநீர்க் குழாய்களில் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் உயிரோடிருக்கும். இரத்தத்தில் குஞ்சுகள் நிறைந்திருப்பவர்களின் டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்களுக்குப் புழுவின் புரதத்தைக் காட்டினால் அவை பெரும்பாலும் அடங்கியே இருக்கின்றன. இன்டர்லூகின்-10 போன்ற சமிக்ஞைகள் அவற்றைக் கட்டிப்போடுகின்றன. கால் வீங்கியவர்களின் டி செல்களோ பெரும்பாலும் அதே புரதத்தைக் கண்டதும் சீறி எழுகின்றன. பாட்டியின் காலை வீங்கவைத்ததில் அவருடைய சொந்த எதிர்ப்பாற்றலுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பதை அறிந்த நாளில் எனக்கு வெகுநேரம் பேச்சே வரவில்லை.

ஆகவே, நாட்பட்ட தொற்றில் மனித டி செல்கள் ஒட்டுண்ணியின் எந்தப் பகுதியை அடையாளம் காண்கின்றன என்ற கேள்வியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். டி செல் முழுப் புழுவையும் பார்ப்பதில்லை. சுமார் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத் துண்டை எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறு ஏந்திக் காட்டும்போதுதான் பார்க்கிறது. 2007-இல் வெளியான இப்புழுவின் மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ 11,500 மரபணுக்கள் உள்ளன. அத்தனை புரதங்களிலிருந்தும் துண்டுகள் செய்து நோயாளியின் இரத்த அணுக்களோடு வைத்துச் சோதிப்பது பெரும் பாடு. வழக்கமான சோதனை இன்டர்ஃபெரான் காமா என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் அணுக்களை எண்ணுகிறது. தாத்தாவைப் போன்றவரின் டி செல், இலக்கை அறிந்தும் அதைச் சுரக்காமல் இருந்தால், அறியவே இல்லை என்று கணக்காகிவிடும். செல்லின் மேற்பரப்பில் தோன்றும் தூண்டல் அடையாளங்களையும் இன்டர்லூகின்-10-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மௌனமான செல்களும் கணக்கில் வரும்.

இலக்குகளின் பட்டியல் மட்டும் போதாது என்பதே என் கருத்து. யாருடைய செல், எப்படிப்பட்ட எதிர்வினையோடு அதை அறிந்தது என்பதும் வேண்டும். பாட்டியின் செல்கள் சீறிய துண்டையே தடுப்பூசியில் வைத்தால் அது காப்பாற்றுமா, வீங்கவைக்குமா? இருவரின் இரத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. எச்.எல்.ஏ. வகைகள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், எங்கோ சிலரிடம் எடுத்த இரத்தத்தில் கண்டது தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் பழங்குடியினரான ஓராங் அஸ்லிக்கும் அப்படியே பொருந்தும் என்றும் கொள்ள முடியாது. நம்மிடம் ஆற்றல் இல்லாமலில்லை. பி.எம்.ஆர்.1 என்னும் புழுப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஜி.4 எதிர்ப்பொருளைக் கண்டறியும் புரூஜியா ரேப்பிட் சோதனை, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வில் பிறந்து பல நாடுகளின் ஒழிப்புத் திட்டங்களுக்குப் பயன்பட்டது. எதிர்ப்பொருளுக்குச் செய்ததை டி செல்லுக்கும் செய்யலாம்.

2000-இல் தொடங்கிய உலகளாவிய ஒழிப்புத் திட்டம் நோயாளிகளைக் குறைத்து வருவது மகிழ்ச்சியே. ஆனால் பல ஆண்டுகள் புழுவைச் சுமந்தவர்களும் வீங்கிய காலோடு வாழ்பவர்களும் முதியவர்களாகி மறைந்து வருகிறார்கள். அவர்களுடைய மொழியில் விளக்கி, முழுச் சம்மதத்தோடு, இப்போதே இரத்தத்தைச் சேமித்து வைக்க வேண்டும். தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அந்த இரவில் அவரும் விரலை நீட்டியவர்தான். இரத்தம் தரத் தயார் என்றார். இந்த முறையாவது முடிவை வந்து சொல்வார்களா என்று கேட்டார்.