வெளியே போகாத குட்டிக்கும் புழு இருக்கும்

"வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்க்குட்டிக்குக் குடற்புழு வராது, மலத்தில் புழு தெரிந்தால் மருந்து கொடுத்தால் போதும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

டோக்சோகாரா கேனிஸ் என்ற உருண்டைப்புழுவின் லார்வாக்கள் (இளம்புழுக்கள்) தாய் நாயின் உடலில் சத்தமில்லாமல் கிடக்கும். சினையானதும் விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போய்விடும். அதாவது வாசலைத் தாண்டும் முன்பே, பிறக்கும்போதே தொற்று இருக்கலாம். பூனைக்குட்டிக்கு இதன் உறவுக்காரப் புழு தாய்ப்பாலில் வருகிறது. நாய்க்குட்டிக்கு 2 வார வயதிலேயே புழு மருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான். மலத்தில் புழு தெரிகிறதா என்று காத்திருந்தும் பயனில்லை. முட்டைகள் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும்.

அதற்காக "நாயைத் துரத்திவிடுங்கள்" என்று பதிவின் கருத்துகளில் ஒருவர் சொல்வதும் அதிகப்படி. புதிதாகக் கழித்த மலத்திலுள்ள டோக்சோகாரா முட்டை உடனே தொற்றாது, பக்குவமடைய 2 வாரமாவது ஆகும். அன்றன்றே அள்ளிவிட்டால் பெரும்பாலான ஆபத்து தீர்ந்தது. அள்ளாமல் விட்டால் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து: விழுங்கிய முட்டையிலிருந்து வரும் லார்வா கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகும், அபூர்வமாகக் கண்ணுக்குப் போய்ப் பார்வையையே கெடுக்கும்.

கொக்கிப்புழு வேறு ரகம். அதன் லார்வா வெறுங்காலின் தோலைத் துளைத்தே நுழையும். நெளிநெளியான தடம், தாங்க முடியாத அரிப்பு. நாய்கள் கழிக்கும் கடற்கரை மணலில் செருப்போடு நடங்கள்.

மருந்தின் அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. அதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், இங்கே வேண்டாம்.