ஒரு நிமிட வலிக்கு எதற்குக் கருவி என்று சிரித்தவர்களுக்கு

சமூக ஊடகத்தில் பார்த்த அந்தப் பின்னூட்டத்தை முழுவதுமாக இங்கே எடுத்துப் போட மாட்டேன், சாரத்தை மட்டும் சொல்கிறேன். மயக்க மருந்து இல்லாமல் செய்யப்படும் ஹிஸ்டரோஸ்கோப்பியின்போது (கருப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை), தோல் வழியாக மின்துடிப்பைச் செலுத்தும் டென்ஸ் கருவி வலியைக் குறைக்குமா என்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்டதற்கு, மருத்துவர் ஒருவர் சிரிப்புக் குறியுடன் "ஒரு நிமிட வேலைக்குக் கரண்ட் வைத்தியமா?" என்று எழுதியிருந்தார். அந்தச் சிரிப்பைவிட அதற்கு விழுந்த விருப்பக்குறிகளே என்னை எழுத வைத்தன.

அவர் கிண்டல் செய்த கருவிக்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. தோலில் ஒட்டிய பட்டைகள் வழியாக மெல்லிய மின்துடிப்புகள் செல்லும்போது, தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டு, வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே தணிக்கப்படுகிறது என்பது 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற வலி ஆய்வாளர்கள் முன்வைத்த கொள்கையை ஒட்டிய விளக்கம். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுவதில்லையா, அதைப் போன்றதுதான். ஹிஸ்டரோஸ்கோப்பியில் டென்ஸ் வலியைக் குறைத்ததாக ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2017-இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

"எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லையே" என்பீர்கள். உண்மைதான். இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பதும் உண்மைதான். இது மயக்க மருந்துக்கு மாற்று என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் "கருப்பை வாயில் நரம்பே கிடையாது, வலிக்க வாய்ப்பில்லை" என்று அதே பதிவின் கீழ் ஒருவர் எழுதினாரே, அதற்கு ஏன் ஒருவரும் சான்று கேட்கவில்லை? கருப்பை உடலின் வலி முதுகின் கீழ்ப்பகுதி நரம்புகள் (டி10 முதல் எல்1 வரை) வழியாகவும், கருப்பை வாயின் வலி அதற்கும் கீழே இடுப்பின் பின்புற நரம்புகள் (எஸ்2 முதல் எஸ்4 வரை) வழியாகவும் தண்டுவடத்தைச் சென்றடைகிறது. பட்டைகளை எங்கே ஒட்டுவது என்பதே அதைக் கணக்கிட்டுத்தான் முடிவாகிறது. நரம்பில்லாத இடத்துக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?

எனக்குக் கருப்பை உட்சவ்வைச் சிறிது எடுத்துப் பரிசோதித்தார்கள். "லேசாக இழுப்பது போல இருக்கும்" என்றார்கள். கருப்பை வாயைக் கருவியால் பற்றியதும் நான் கத்திவிட்டேன். "குழந்தை பெற்றவர்தானே, இதற்கே இப்படியா?" என்று மேலே இருந்து ஒரு குரல் கேட்டது. அந்தப் பரிசோதனையின் முடிவு என்னவென்று இன்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்; அந்தக் குரலை மறக்க மாட்டேன். வலிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். வலிக்காது என்று சொல்லிவிட்டு, வலித்ததற்கு என்னையே குற்றவாளியாக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மருத்துவர்களின் நேரம் தெரியாமல் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் வருவார். பட்டை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும், ஐயா? அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் அமைப்பே 2025-இல், இத்தகைய சிகிச்சைகளுக்கு முன் வலியைப் பற்றியும் அதைக் குறைக்கும் வழிகளைப் பற்றியும் நோயாளியிடம் பேச வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. அவர்களுக்கும் நேரம் தெரியாதோ என்னவோ.

எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. டென்ஸில் மின்துடிப்பின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் படுத்திருக்கும் பெண்ணின் கையிலேயே இருக்க முடியும். எவ்வளவு வலிக்கிறது என்பதை அங்கே அவள்தான் முடிவு செய்கிறாள். சிரிப்பு அதற்காகத்தான் வந்ததோ? "என் மனைவிக்கு வலிக்கவே இல்லை" என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம். அவர் கையாலேயே எழுதச் சொன்னால் மட்டும் பதில் சொல்வேன்.